அகப்பக்கம்: அளவெடுத்துத் தைப்பதா, ரெடிமேட் வாங்குவதா?

ஜுரு: ஒரே வேலைக்கு இரண்டு விலைப்பட்டியல்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் 1,500 வெள்ளி. மற்றொன்றில் 8,000 வெள்ளி. இரண்டிலும் "அழகான அகப்பக்கம், கைப்பேசியிலும் சரியாகத் தெரியும், ஓராண்டுப் பராமரிப்பு" என்றே எழுதியிருக்கிறது. எதில் கையெழுத்துப் போடுவது?

ஜுரு, புக்கிட் தெங்கா, சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில் சிறுதொழில் செய்யும் நம்மவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கல்யாணச் சமையல், மணவறை அலங்காரம், பூமாலை, பள்ளி வேன், தையல், குளிர்சாதனப் பழுது என்று வீட்டிலிருந்தே தொழில் நடத்துபவர்கள் இங்கு ஏராளம். நெடுஞ்சாலை பக்கத்திலேயே இருப்பதால் வாடிக்கையாளர் தைப்பிங்கிலிருந்தும் வருகிறார், சுங்கை பட்டாணியிலிருந்தும் வருகிறார். பாலம் தாண்டித் தீவிலிருந்தும் அழைப்பு வரும். இத்தனை நாள் முகநூல் பக்கமும் புலன எண்ணும் போதுமானதாக இருந்தது. பிறையில் உள்ள ஒரு தொழிற்சாலை தீபாவளி விருந்துக்கு 300 பேருக்குச் சாப்பாடு கேட்கும்போதுதான் "உங்கள் அகப்பக்கம் என்ன?" என்ற கேள்வி வருகிறது.

இன்னொரு பக்கம், கணினித் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு மாலை நேரத்தில் அகப்பக்கம் செய்து கொடுக்கும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு ஆயத்தத் தீம் வாங்கிப் போடலாமா, முதலிலிருந்து தானே வடிவமைக்க வேண்டுமா என்பது அவர்களுக்கும் தலைவலிதான். இரு தரப்புக்கும் சேர்த்தே இந்த விளக்கம்.

தீம் என்றால் என்ன?

உலகில் உள்ள அகப்பக்கங்களில் 40 விழுக்காட்டுக்கு மேல் வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளில் இயங்குகின்றன. 2003 மே மாதம் அது வெளிவந்தது. 2005 பிப்ரவரியில் வந்த 1.5 பதிப்பில்தான் 'தீம்' என்ற ஏற்பாடு சேர்ந்தது. நீங்கள் எழுதும் செய்தியும் படங்களும் ஓர் இடத்தில் இருக்கும். அவை எந்த நிறத்தில், எந்த எழுத்தில், எந்த வரிசையில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதைத் தீம் தீர்மானிக்கும். தீமை மாற்றினால் சட்டை மாறும், ஆள் மாற மாட்டார்.

ஆயத்தத் தீம் என்பது யாரோ ஒருவர் பல ஆயிரம் பேருக்காக ஒரே நேரத்தில் தைத்துவைத்த சட்டை. இலவசமாகவும் கிடைக்கும், காசு கொடுத்தும் வாங்கலாம். 2008இல் தொடங்கிய தீம்ஃபாரெஸ்ட் போன்ற சந்தைகளில் பெரும்பாலானவை 100 அமெரிக்க டாலருக்குக் கீழேதான் விற்கின்றன. தனித்தீம் என்பது உங்கள் தொழிலைப் பார்த்து, உங்களிடம் பேசி, உங்களுக்காக மட்டும் எழுதப்படும் நிரல். அதற்கு வாரக்கணக்கில் உழைப்பு வேண்டும். விலையும் அப்படித்தான் இருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று உண்டு. அதைத்தான் பலர் சொல்வதில்லை. 60 டாலர் தீமை வாங்கி, நிறத்தை மாற்றி, சின்னத்தை வைத்து, "உங்களுக்காகவே தனியாக வடிவமைத்தது" என்று 8,000 வெள்ளிக்குப் பட்டியல் போடுவது. தீம் வாங்கி மாற்றித் தருவதில் தவறே இல்லை. தையற்காரரும் ரெடிமேட் சட்டையைப் பிடித்துத் தைத்துக் கூலி வாங்குகிறார். புதிதாகத் தைத்தது என்று சொல்லி அந்தக் கூலியை வாங்கினால்தான் தவறு.

கண்டுபிடிப்பதும் கடினமில்லை. கணினியில் பக்கத்தைத் திறந்து, வலது பொத்தானைச் சொடுக்கி, மூல நிரலைக் காட்டு என்று கேட்டால் பெரும்பாலும் 'தீம்ஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே தீமின் பெயர் இருக்கும். அந்தப் பெயரைத் தேடுபொறியில் போட்டால் விற்பனைப் பக்கம் வந்து நிற்கும், விலையோடு.

தமிழ் ஏறாத சட்டை

பொதுவாக இந்த விஷயத்தை விளக்குபவர்கள் விலை, வேகம், அழகு என்று மூன்றைச் சொல்லிவிட்டு முடித்துவிடுவார்கள். நமக்கு நான்காவதாக ஒன்று இருக்கிறது. தமிழ்.

1995இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றியபோது ஆயத்தமாக எதுவுமே கிடையாது. எழுத்துருவையும் அவரே உருவாக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985லேயே முரசு மென்பொருள் வேலையைத் தொடங்கிவிட்டார். அதன் பிறகும் பல ஆண்டுகள் ஒவ்வொரு தமிழ் அகப்பக்கமும் ஒவ்வோர் எழுத்துருவில் இருந்தது. "எங்கள் எழுத்துருவைப் பதிவிறக்கம் செய்துகொண்டு படியுங்கள்" என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியபோதும் எழுத்துக் குறியீட்டுச் சிக்கல் தீர்ந்தபாடில்லை. யூனிகோடு பரவலான பிறகுதான் எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியத் தொடங்கியது.

அதனால் இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்தால் அது பாதி உண்மை. தமிழ் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி.

சந்தையில் உள்ள தீம்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றில் அதிகம் பயன்படும் மொன்ட்செராட், பொப்பின்ஸ் போன்ற எழுத்துருக்களில் தமிழ் எழுத்தே கிடையாது. இத்தனைக்கும் பொப்பின்ஸில் தேவநாகரி உண்டு, தமிழ் இல்லை. தமிழ்ச் சொல் வந்ததும் உலாவி தன் கையில் உள்ள வேறோர் எழுத்துருவை எடுத்துப் போட்டுவிடும். விண்டோஸ் கணினியில் நிர்மலா, ஆப்பிள் கைப்பேசியில் தமிழ்ச் சங்கம், ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ. ஒரே பக்கம் மூன்று கருவிகளில் மூன்று முகம் காட்டும்.

ஜுருவில் சமையல் குத்தகை எடுக்கும் அக்கா ஒருவர் தம் பக்கத்தை என்னிடம் காட்டினார். படங்கள் அருமை. இடியாப்பமும் மட்டன் பெரட்டலும் பார்த்தாலே பசிக்கும். தலைப்பில் "கொண்டாட்டங்களுக்குச் சுவையான சமையல்" என்று ஒவ்வோர் எழுத்தாக வந்து விழுகிற மாதிரி ஓர் அசைவு வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அது அழகாக இருந்திருக்கும். தமிழில் 'கொ' வருவதற்குப் பதிலாக முதலில் 'க' வந்தது, பிறகு புள்ளி வட்டத்தோடு ஒரு கொம்பும் காலும் தனியாக வந்து நின்றன. "தம்பி, நான் வைரஸ்னு நெனச்சு ரெண்டு நாளா தெறக்கவே இல்ல" என்றார்.

வைரஸ் இல்லை, கணினியின் எண்ணிக்கை முறை. நமக்கு 'கொ' ஓரெழுத்து. யூனிகோடில் அது 'க' என்ற எழுத்தும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு துண்டு. ஆங்கில எழுத்தைப் பிரிப்பதுபோல் அந்த அசைவு நிரல் தமிழையும் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனிப் பெட்டியில் போட்டுவிட்டது. தமிழ் இலக்கணம் படித்தவனுக்கு உயிர்மெய்யை இப்படி உயிர் வேறு மெய் வேறாகப் பிரித்துப் போட்டிருப்பதைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அசைவை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் யாரும் தமிழில் ஒருமுறை போட்டுப் பார்க்கவில்லை.

வேறு சில சங்கடங்களும் இதே வகைதான். ஆங்கில எழுத்துக்கு அளந்து வைத்த வரி உயரத்தில் 'கி', 'கீ' யின் மேல் வளைவும் 'நூ', 'ழூ' வின் கீழ் வாலும் மேல்வரி கீழ்வரியில் முட்டும், சில இடத்தில் வெட்டுப்படும். எழுத்துக்கு நடுவே இடைவெளி விடும் அமைப்பு ஆங்கிலத் தலைப்பில் மிடுக்காக இருக்கும். தமிழில் பல் விழுந்த மாதிரி ஆகிவிடும். மெனுவில் ஆறேழு எழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு விட்ட இடத்தில் "தொடர்புகொள்ள" என்பதே நிரம்பி வழியும். "முன்பதிவு விவரங்கள்" என்று போட்டால் இரண்டு வரியாக மடிந்து கீழே உள்ள படத்தின் மேல் ஏறி உட்காரும்.

இதற்காக எல்லாரும் தனித்தீம்தான் செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எழுத்துருவை மாற்றவும் வரி உயரத்தைக் கூட்டவும் இடம் தரும் ஆயத்தத் தீமாகத் தேர்ந்தெடுத்தாலே முக்கால்வாசி தீர்ந்துவிடும். முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல தமிழ் எழுத்துருக்கள். காசு கொடுப்பதற்கு முன் மாதிரிப் பக்கத்தில் உங்கள் கடைப் பெயரையும், 'ஸ்ரீ', 'கௌ', 'நூறு', 'மொய்' போன்ற சொற்களையும் போட்டு, வீட்டில் உள்ள பழைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். செய்பவரின் புதுக் கைப்பேசியில் வேண்டாம். உங்கள் வாடிக்கையாளர் வைத்திருக்கும் கைப்பேசியில்.

முகம் வேறு, வேலை வேறு

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். "எனக்கு முன்பதிவு வேண்டும், இணைய வங்கி மூலம் பணம் கட்டும் வசதி வேண்டும், அதனால் தனித்தீம் வேண்டும்" என்று நினைக்கிறார்கள். முன்பதிவையும் எஃப்.பி.எக்ஸ் வழி பணம் கட்டுவதையும் தீம் செய்வதில்லை. அவை 'பிளக்-இன்' எனப்படும் தனி மென்பொருள்கள் செய்யும் வேலை. 60 டாலர் தீமிலும் அவை ஓடும், 8,000 வெள்ளித் தீமிலும் அவைதான் ஓடும்.

ஒரு டியூஷன் நிலையம், பூக்கடை, பள்ளி வேன் சேவை, சமையல் குத்தகை ஆகியவற்றுக்கு நான்கைந்து பக்கம் போதும். நாம் யார், என்ன செய்கிறோம், விலை என்ன, எப்படித் தொடர்புகொள்வது. இதற்கு ஆயத்தத் தீமே சரி என்பது என் கருத்து. வேர்ட்பிரஸோடு இலவசமாக வரும் தீம்களே இப்போது இதற்குத் தாராளம். மிச்சமாகும் பணத்தில் நல்ல படம் எடுக்கலாம், தமிழை ஒருவரிடம் கொடுத்துப் பிழை திருத்தலாம். பாதி அகப்பக்கங்களில் தமிழ்ப் பகுதி இயந்திர மொழிபெயர்ப்பில் தவிக்கிறது. அதற்கு எந்தத் தீமும் மருந்து இல்லை.

தனித்தீம் எப்போது தேவை? உள்ளடக்கமே வழக்கத்துக்கு மாறானதாக இருக்கும்போது. ஆண்டுக் கணக்கில் கட்டுரை சேரும் ஓர் இதழ். நூற்றுக்கணக்கான உறுப்பினர் விவரத்தைத் தமிழ் அகரவரிசையில் காட்ட வேண்டிய சங்கம். திருவிழா உபயத்தைத் திதி, நட்சத்திரம் பார்த்துப் பட்டியலிட வேண்டிய கோயில். இவற்றை ஆயத்தத் தீமுக்குள் திணிக்கத் திணிக்க ஒட்டுப்போட்ட செலவே தனித்தீம் விலையைத் தாண்டிவிடும்.

வேகத்தையும் சொல்லிவிட வேண்டும். "எல்லாத் தொழிலுக்கும் ஏற்றது, 100 மாதிரிகள்" என்று விற்கும் தீம்கள் கனமானவை. நீங்கள் பயன்படுத்தாத 99 மாதிரிகளின் சுமையும் ஓரளவு உங்கள் பக்கத்தில் ஏறும். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால்தான் நல்லது என்பது கூகுள் வைத்துள்ள அளவுகோல். சிறிய, ஒரே வேலைக்கான தீம் இதில் பெரும்பாலும் முந்தும்.

யாருடைய சொத்து?

வாங்கியபின் அது யாருக்குச் சொந்தம்? இங்கே சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது, தெரிந்தவர்தான் குறைவு. மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம் 26ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுச் செய்யச் சொன்ன படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போய்ச் சேரும். ஆக உண்மையான தனித்தீம் என்றால், ஒப்பந்தத்தில் மாறாக எழுதாதவரை, அது உங்களுடையது. "நிரலைத் தர முடியாது" என்று செய்தவர் சொன்னால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஒப்பந்தமே இல்லை என்றால், அடுத்த முறையாவது ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

ஆயத்தத் தீமில் கதை வேறு. தீம் அதை எழுதியவருடையது. நீங்கள் வாங்குவது பயன்படுத்தும் உரிமம். தீம்ஃபாரெஸ்டின் வழக்கமான உரிமம் ஒரு வாடிக்கையாளரின் ஓர் அகப்பக்கத்துக்கு மட்டும். ஒன்றை வாங்கிப் பத்துக் கடைக்குப் போடும் பழக்கம் நம் இளைஞர் சிலரிடமும் இருக்கிறது. அதோடு வரும் ஆறு மாத உதவியும் முதலில் வாங்கியவருக்குத்தான். மற்ற ஒன்பது கடைக்காரரும் பழுது வந்தால் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இலவசமாகக் கிடைக்கும் திருட்டுப் பிரதிகளை இன்னும் அஞ்ச வேண்டும். அவற்றில் என்ன நிரல் ஒளிந்திருக்கிறது என்பது போட்டவருக்கே தெரியாது. முறையாக வாங்கிய தீமிலும் ஆபத்து வந்ததுண்டு. ரெவல்யூஷன் ஸ்லைடர் என்ற படக்காட்சி பிளக்-இன் பல தீம்களுக்குள்ளேயே சேர்த்து விற்கப்பட்டது. அதில் இருந்த ஓட்டை வழியாக 2014 டிசம்பரில் சோக்சோக் என்ற தீநிரல் பரவியபோது, கூகுள் 11,000க்கும் மேற்பட்ட தளங்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. ஓட்டை முன்பே அடைக்கப்பட்டிருந்தது. ஆனால் தங்கள் தீமுக்குள் அந்த மென்பொருள் இருப்பதே பலருக்குத் தெரியாததால் அவர்கள் புதுப்பிக்கவில்லை. தீமை வாங்கினால் புதுப்பிக்கும் வேலையையும் சேர்த்தே வாங்குகிறோம். தனித்தீமுக்கும் இது பொருந்தும். அங்கே புதுப்பிக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் வேலை கிடைத்து சிங்கப்பூர் போய்விட்டால்?

செய்து கொடுக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தொழில் குறிப்பு. ஆயத்தத் தீமின் மூலக் கோப்பில் நேரடியாகக் கை வைக்காதீர்கள். அடுத்த புதுப்பிப்பில் நீங்கள் செய்த மாற்றம் அத்தனையும் அழிந்துவிடும். 'சைல்ட் தீம்' என்ற துணைத் தீம் ஒன்றை உருவாக்கி அதில் மாற்றம் செய்தால் மூலம் புதுப்பிக்கப்பட்டாலும் உங்கள் வேலை நிற்கும். இழுத்து விட்டுப் பக்கம் கட்டும் மென்பொருள்களையும் யோசித்துப் பயன்படுத்துங்கள். சிலவற்றை நிறுத்திவிட்டால் பக்கம் முழுக்க அடைப்புக்குறிக்குள் புரியாத குறியீடுகள் மட்டும் மிஞ்சும். வாடிக்கையாளர் அதிலிருந்து வெளியே வரவே முடியாது. பட்டியலில் தீம் விலையைத் தனியாகவும் உங்கள் உழைப்பைத் தனியாகவும் எழுதுங்கள். 60 டாலர் தீமைப் பொருத்தி, தமிழ் எழுத்துரு அமைத்து, படம் ஏற்றிச் சோதிக்க இருபது மணி நேரம் ஆகிறது என்றால் அந்த இருபது மணி நேரத்துக்குக் கூசாமல் விலை கேட்கலாம்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒன்று, சட்டம் கேட்கும் விவரங்கள். இணையத்தில் பொருள் விற்பவர் தொழிலின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், முழு விலை, பணம் கட்டும் முறை, விநியோக நாள் ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்ற விதிமுறை 2013 ஜூலையிலிருந்தே உண்டு. தொடர்புப் படிவத்தில் பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்டாலே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடுகிறது. அதற்கான அறிவிப்பு மலாய், ஆங்கிலம் இரண்டிலும் இருக்க வேண்டும். வெளிநாட்டில் செய்த எந்தத் தீமிலும் இது எழுதி வராது. தமிழிலும் சேர்த்துப் போட்டால் நம் வாடிக்கையாளருக்குப் புரியும்.

சமையல் அக்காவின் பக்கம் இப்போது சரியாகிவிட்டது. தீமை மாற்றவில்லை, அசைவை நிறுத்தி, முக்தா மலர் எழுத்துருவைப் போட்டார்கள். ஆனால் கேட்டுப் பார்த்ததில் இன்னொன்று வெளிப்பட்டது. அகப்பக்க முகவரியைப் பதிவுசெய்தபோது கொடுத்த மின்னஞ்சல் அக்காவுடையது அல்ல, செய்து கொடுத்தவருடையது. ஆண்டுதோறும் முகவரியைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு அங்கேதான் போகும். அதை மாற்றும் வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் கடை முகவரி யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று செய்து கொடுத்தவரிடம் இன்றே ஒரு புலனச் செய்தி அனுப்பிக் கேட்டு வையுங்கள்.